முனீசின் அக்கா

வலை போய்விட்டது என்று யாரும் வாய்திறந்து சொல்லுமுன்னே பாண்டிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. கரை தட்டியதும் மீன்பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிடுகிற அவள் புருஷன் றஜிந்தன், அன்று காலை படகை விட்டு இறங்கவே இல்லை. கிழிந்த வலைத்துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். கூடப் போன செபநாயகம்தான் மணலில் குதித்துக் கடலைப் பார்த்துக் காறித் துப்பினான்.

"இந்தியன் றோலர் அள்ளிக்கொண்டு போட்டுது. ஒரு முழமும் மிச்சமில்லை."

கரையில் நின்ற பெண்கள் அந்த இழுவைப்படகுகளைச் சபித்து மண்ணை அள்ளித் தூற்றினார்கள். "இந்தியாக்காரர் நாசமாய்ப் போவாங்கள்!" என்று ஒருத்தி கத்தினாள். கத்தியவள் பாண்டிச்செல்வியைக் கண்டதும் குரலை அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கம்தான் அவளைச் சுட்டது. முகத்துக்கு நேரே ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பாண்டிச்செல்வி மண்டபத்துப் பெண். அங்கே அகதி முகாமில் வளர்ந்த றஜிந்தனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவன் கிளம்பியபோது, கைக்குழந்தை ஷெரோனைத் தூக்கிக்கொண்டு அவளும் பருத்தித்துறைக்கு வந்தாள். அங்கேயும் கடல், இங்கேயும் கடல். அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தாள்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, மாமியார் எப்படி என்று கேட்டாள். "மாமி எங்கிட்ட எப்பவும் பேசிக்கிட்டேதான் இருப்பாங்க" என்று இவள் பெருமையாகச் சொன்னாள். மறுநாளே, லூர்த்தம்மா மருமகளை ஓயாமல் ஏசுகிறாள் என்று தெருவெல்லாம் கதை பரவிவிட்டது. இந்த ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. பேசுவதற்குப் பெயர் கதைப்பது. அதைக் கற்றுக்கொண்டாள். குழல்புட்டு அவிக்கவும், தேவாலயப் பூசையில் எப்போது முழந்தாளிட வேண்டும் என்றும் கற்றுக்கொண்டாள். ஆனாலும் கடையில் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "இந்தியாக்காரி" என்ற பெயர் ஒட்டியது ஒட்டியதுதான்.

கற்றுக்கொண்டு சரிசெய்ய முடியாதது விசா. வருடாவருடம் கொழும்புக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். கொரோனா வந்த வருடம் ஊரை விட்டு நகர முடியவில்லை. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடமும் போகவில்லை. விசா காலாவதியான பிறகு போகவே பயமாகிவிட்டது. நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப வர விடமாட்டார்களாம். இருந்தாலோ, என்றைக்குப் பிடிபடுவாள் என்று தெரியாது. அப்பா செத்தபோது பாடை தூக்கியதைப் போனில்தான் பார்த்தாள்.

வலை போன அன்று மத்தியானம் றஜிதா ஓடிவந்தாள். றஜிந்தனின் தங்கை, அவள் புருஷன்தான் செபநாயகம். "பிடிச்சிட்டாங்கள் அண்ணை! நேவி ஒரு றோலரை ஆக்களோடை பிடிச்சுக்கொண்டு வந்திட்டுது. நாளைக்குக் கோட்டிலை நீதவான் முன்னாலை நிப்பாட்டுவினம். நாங்களும் போய் வாசல்லை நிக்கவேணும்." கையில் இருந்த போனை நீட்டினாள்.

துறைமுகத்தில் வரிசையாகக் குந்தியிருந்தவர்களை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பாண்டிச்செல்வியும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் இருந்தவன் வலது காலை நீட்டியபடி இருந்தான். சின்ன வயதில் பனையில் இருந்து விழுந்த பிறகு அந்தக் கால் மடங்காது. அவள் தம்பி முனீஸ். மண்டபத்தில் தொழில் படுத்துப்போக, நாகப்பட்டினத்துப் படகொன்றில் கூலிக்கு ஏறியிருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

றஜிதா போகும்வரை அவள் மூச்சு விடவில்லை. பிறகு புருஷனிடம் சொன்னாள்.

"உன்ரை தம்பியோ?" என்றான் றஜிந்தன். "அவன்தான் என்ரை வலையை அறுத்தவனோ?"

"படகு அவனுதா? அவன் கூலிக்குப் போறவன். டிரைவர் ஓட்டுற பக்கம் போறான்."

"அறுந்தது கூலிக்காரன் அறுத்ததோ முதலாளி அறுத்ததோ எண்டு வலைக்குத் தெரியுமே?" கோபம் வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அழுதான்.

உள்ளே இருந்து லூர்த்தம்மா சொன்னாள்: "பிள்ளை, நீ உந்தப் பக்கமே போகாதை. பொலிஸ் உன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் முடிஞ்சுது."

அது உண்மை என்று பாண்டிச்செல்விக்குத் தெரியும். ஆனாலும் காலையில் எழுந்து புட்டு அவித்து, மீன்குழம்போடு பார்சல் கட்டினாள். ஷெரோனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே நீதிமன்ற வாசலுக்குப் போய்விட்டாள்.

அங்கே நின்றதெல்லாம் அவளுடைய தெருப் பெண்கள். கையில் 'எங்கள் கடல் எங்களுக்கு' என்று எழுதிய அட்டைகள். முன்வரிசையில் றஜிதா. பாண்டிச்செல்வி எதிர்ப்பக்க மதிலோடு ஒட்டி நின்றாள். தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்தால் போதும், பார்சலை யாராவது ஒரு வக்கீலிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று எண்ணியிருந்தாள்.

பஸ் வந்தது. இரண்டிரண்டு பேராக விலங்கிட்டு இறக்கினார்கள். பெண்கள் கூச்சலிட்டார்கள். முனீஸ் காலை இழுத்து இழுத்து இறங்கினான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கூச்சல் போடுகிற முகங்களை மிரண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு வந்தவன், மதிலோரம் நின்றவளைக் கண்டுவிட்டான்.

"அக்கா!"

கூச்சல் அப்படியே நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தக் கணத்தில் அவள் தலையைக் குனிந்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு அக்கா உண்டு; யாரைக் கூப்பிட்டான் என்று யாருக்குத் தெரியும். ஆனால் எட்டு வருடமாக யாரும் அவளை அக்கா என்று அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை.

"முனீசு!" என்று ஓடினாள். பெண்களை விலக்கிக்கொண்டு பார்சலை அவன் கையில் திணிக்கப் பார்த்தாள். பொலிஸ்காரர் குறுக்கே கை வைக்க, பார்சல் விழுந்து புட்டெல்லாம் தார் ரோட்டில் சிதறியது.

"நீங்க யாரு? ஐசி எங்க?" என்றார் அவர்.

அடையாள அட்டை என்று அவளிடம் எதுவும் இல்லை. முனீசை அதற்குள் உள்ளே இழுத்துப் போய்விட்டார்கள். பொலிஸ்காரர் மறுபடி கேட்டார். வாயைத் திறந்தால் அவள் தமிழே காட்டிக்கொடுத்துவிடும்.

"அது என்ரை மச்சாள், சேர்." றஜிதா அட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள். "எங்களோடைதான் வந்தவ. வலை போனதிலை இருந்து மூளை சரியில்லை. ஐசி வீட்டை கிடக்கு."

பொலிஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

றஜிதா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குள் போனாள். ஆள் மறைந்ததும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "உனக்கென்ன விசரே? உன்னைப் பிடிச்சு அனுப்பினா ஷெரோனை ஆர் பாக்கிறது?" சொல்லிவிட்டு அவளும் அழுதாள். "என்ரை மனுசனும் நேற்று வெறுங்கையோடைதான் வந்தது. தெரியுமே உனக்கு? இனி என்ரை வாசலுக்கு வராதை."

பாண்டிச்செல்வி தனியாக நடந்து வீடு வந்தாள். அவளுக்கு முன்னே செய்தி வந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து றஜிதா தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்துவிடுவாள். தெருவில் மற்றவர்கள் ஒருபடி மேலே போய், றோலர்களுக்குப் போனில் வழி சொல்வதே அவள்தான் என்று கதைத்தார்கள். கோயிலில் அவள் இருக்கிற வாங்குப் பலகையில் யாரும் வந்து இருப்பதில்லை.

முனீசைச் சில வாரம் மறியல் சிறையில் வைத்துவிட்டு, விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். படகு பறிமுதல். றஜிந்தனுக்கு வலை திரும்பவில்லை. புது வலைக்குக் காசில்லாமல் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான்.

ஒரு சாயங்காலம் முனீஸ் போன் பண்ணினான். "அக்கா, நாளைக்குத் திரும்பக் கடலுக்கு ஏறுறேன்."

"ஏண்டா, உனக்குப் புத்தி வரலியா?"

"வேற என்ன தொழில் தெரியும்க்கா? அம்மா மாத்திரைக்கு யாரு இருக்கா?"

"இந்தப் பக்கம் மட்டும் வந்துறாதடா. உங்க மச்சான் போற படகோட வலை கெடக்கும்டா இங்க."

"ராத்திரியில கடல்ல எது யாரு வலைன்னு எப்படிக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் றஜிந்தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "இன்னைக்குப் போகாதீங்க" என்றாள்.

"ஏன்?"

காரணம் சொன்னால் தம்பி வருகிறான் என்று சொல்லவேண்டும்; நேவிக்குத் தகவல் போய்விடும். சொல்லாவிட்டால் புருஷன் போவான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளை மெல்ல விலக்கிவிட்டுக் கரைக்கு நடந்தான்.