ஆண்டியப்பன் கை

என் மச்சான் ஆண்டியப்பன் காரைக்குடியில் மர ஆசாரி. நல்ல வேலைக்காரர், வாய்தான் பொல்லாதது. என் அக்காள் சொர்ணவல்லியைக் கட்டிய பதினாறு வருஷத்தில் அவளை மெச்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் மட்டும் இவரை மெச்ச வேண்டுமாம்! எழுபத்திரண்டாம் வருஷம் அவள் அடுப்படியில் ஒரு நடிகனின் காலண்டரை மாட்டினாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "தேதி பாக்க மாட்டுனியா, அவன் மூஞ்சியப் பாக்க மாட்டுனியா?" என்று தினமும் ஒரு சண்டை.

அந்த நடிகனே பக்கத்து ஊர் கண்டரமாணிக்கத்துக்குப் படப்பிடிப்புக்கு வந்து சேர்ந்தான். பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் ஒரு ஆச்சிக்கும், கதவைச் சரிபார்க்க வந்த முரட்டு ஆசாரிக்கும் உண்டாகிற சிநேகம்தான் கதை. ஆச்சி படுக்கையில் விழுந்ததும், அவள் சாய்ந்து உட்கார ஆசாரி ஒரு நாற்காலி செய்கிறான். நடிகனுக்கோ மரம் இழைக்கிற இழைப்புளியைப் பிடிக்கவே வரவில்லை. மச்சானைக் கூட்டிப்போய், நடிகனின் சட்டையை மாட்டி, கையை மட்டும் படம் பிடித்தார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

இழைத்து முடித்த கைப்பிடியைத் தடவச் சொன்னார் டைரக்டர். "மரத்தைத் தடவாதீங்க ஆசாரியாரே. நோயில கிடக்கிறவங்க நெத்தியைத் தடவுங்க" என்று ஒன்பது தடவை எடுத்தாராம்.

என்னிடம் மட்டும் சொல்லிப் பொருமினார் மச்சான். "அவன் வெத்தல போட்டுக்கிட்டுச் சும்மா நின்னான், மாப்ள. வேல பூராம் என்னுது, பேரு அவனுக்கு! இருக்கட்டும். ஒங்கக்கா கண்டுபிடிச்சிருவா. என் கை அவளுக்குத் தெரியாதா?"

மறுவருஷம் படம் காரைக்குடிக்கு வந்தது. மூன்று பேரும் பகல் ஆட்டத்துக்குப் போனோம். அந்தக் கட்டத்தில் நடிகன் ஆச்சியை ஒரு பார்வை பார்த்தான். அடுத்து கைப்பிடி மேல் மச்சானின் கை. இழைப்புளிச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு ஒற்றைப் புல்லாங்குழலை வைத்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பார்வையும் குழலும் சேர்ந்ததில் எனக்கே அது நடிகன் கையாகத்தான் தெரிந்தது. கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சியது. மச்சான் படத்தைப் பார்க்கவே இல்லை, அக்காள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அக்காள் சொன்னாள்: "யாரோ ஒரு ஆச்சி. ஒட்டா, உறவா? அவளுக்குச் செஞ்ச நாற்காலிய அந்தாளு எப்படித் தொட்டாரு பாத்தீகளா!"

மச்சான் நடுரோடு என்றும் பார்க்கவில்லை. "நாசமாப் போச்சு! அது என் கைடி! அவனுக்கு உளியப் புடிக்கக்கூடத் தெரியாது. ஒந் தம்பியக் கேளு!"

அக்காள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் மச்சானின் கையைப் பிடித்து, சாயங்கால வெளிச்சத்தில் நகத்தையும் தழும்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப ஒங்களுக்கு அப்படித் தொடத் தெரியும்" என்றாள் அக்காள். "தெரியாதுன்னுல்ல இம்புட்டு வருஷமும் மனசத் தேத்திக்கிட்டிருந்தேன்."