ஆறு மஞ்சள் கோடுகள்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவருடைய எலக்ட்ரிக் மலை சைக்கிள் மூக்கண்டப்பள்ளி வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு வருடத்துக்கு மேல் போர்வைக்குள்ளேயே நின்றது. போன மாதம்தான் மகள் அதை வெளியே எடுத்தாள். சார்ஜ் போட்டால் பேட்டரி ஏறுகிறது. எனக்கு அதற்கே அழுகை வந்தது. பேட்டரிக்கு இருக்கிற ஆயுசு மனுஷனுக்கு இல்லாமல் போனதே என்று.

மகள் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு ஊருக்கு வெளியே பாறை மேடுகளில் சைக்கிளில் ஏறி இறங்கிப் பழகியவள். இனி தனியாகப் போகிறேன் என்றாள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது, மிதிக்கும்போதெல்லாம் அடியில் கிரீச் கிரீச் என்றது. சட்டத்தோடு மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் பக்கமிருந்து வந்த சத்தம். பாறைச் சரிவில் இறங்கும்போது மோட்டார் ஆடினால் என்ன ஆகும்? ஒருவரை வாரிக் கொடுத்தாயிற்று. "நான் பாக்காம இது வாசலத் தாண்டாது" என்று சொல்லிவிட்டேன்.

பார்ப்பதுதான் என் பிழைப்பும். இங்கே ஒரு வண்டி உதிரிபாக ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அவரும் அதே ஆலையில் அசெம்பிளி லைனில் இருந்தவர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சோதித்தவர் பக்கத்தில் பச்சைக் கோடு போடுவார். சரியாக இறுக்காமல் மஞ்சள் போட்டவன் என்று பெயர் எடுத்துவிட்டால், லைனில் அவனை ஒருவரும் டீக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

அவர் மஞ்சள், நான் பச்சை. எங்கள் கல்யாணமே அதில்தான் ஆரம்பித்தது. விருதுநகர்ப் பக்கத்து ஆள். கை மேல் அப்படியொரு கர்வம். டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று முள் காட்டும். இவர் சாதாரணச் சாவியால் இறுக்கிவிட்டு, "இப்ப ரெஞ்ச வச்சுப் பாருங்க மேடம்" என்று என்னிடமே டீ பந்தயம் கட்டுவார். ஜெயித்தும் தொலைப்பார். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் அவருக்கு 'ஆடிட் மேடம்'தான். வீட்டில் சைக்கிள் போல்ட்டுகளுக்கும் மஞ்சள் போடுவார்; நான் பச்சைப் பேனாவை எடுத்தால், "வீட்டுக்குள்ள ஆடிட் கெடையாது" என்று பிடுங்கிக்கொள்வார்.

எவ்வளவு இறுக்குவது என்பதுதான் இப்போது பிரச்சினை. குறைந்தால் ஆடும். கூடினால் அலுமினியத்தில் மரை போய்விடும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நியூட்டன் மீட்டர் என்று பொடி எழுத்தில் இருந்தது. மோட்டார் போல்ட்டுகளில் எதுவும் இல்லை. சைக்கிளோடு வந்த புத்தகம் எந்த வீடு மாற்றியபோது தொலைந்ததோ. மகள் இன்டர்நெட்டில் தேடினாள். ஆளுக்கொரு அளவு சொன்னார்கள்.

ஆலையில் இதற்கு நாங்கள் செய்வது ஒன்று இருக்கிறது. கோடு போட்ட போல்ட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு கோட்டின் இரண்டு பாதிகளும் பழையபடி ஒன்றுசேரும் வரை ரெஞ்சால் இறுக்க வேண்டும். சேரும் இடத்தில் முள் எதைக் காட்டுகிறதோ, அதுதான் முதலில் இறுக்கியவர் கொடுத்த அளவு. கிட்டத்தட்ட அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

ரெஞ்ச் வாங்கி வந்து ஹேண்டில்பாரில் ஆரம்பித்தேன். அது அவர் நோயில் விழுவதற்கு முன்னால் இறுக்கியது. கோடு சேர்ந்தபோது முள் ஐந்தில் நின்றது.

"பாத்தியா உங்கப்பா கைய!" என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மோட்டாரிலும் அந்தக் கை சொல்வதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மோட்டாருக்குச் சங்கிலிப் பக்கம் மூன்று போல்ட், மறுபக்கம் மூன்று. ஆறிலும் மஞ்சள் கோடு, ஒன்றுகூடப் பிரியவில்லை. அப்படியென்றால் எதுவும் தானாகத் தளரவில்லை. ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினேன். மகள் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சங்கிலிப் பக்கம் இருபது, பதினொன்று, பதினாறு. மறுபக்கம் பதிமூன்று, பதினெட்டு, எட்டு.

"என்னம்மா இது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல?"

எனக்கும் முதலில் புரியவில்லை. பிறகுதான், எந்த லைன்காரனும் ஒரே பக்கத்தை வரிசையாக இறுக்கிக்கொண்டு போக மாட்டான் என்பது நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் அதற்கு நேரெதிரில் இருப்பதை விட்டு அடுத்தது என்று மாற்றி மாற்றித்தான் போவார்கள். அவர் கை போயிருக்கக்கூடிய வழியிலேயே மனசுக்குள் போய்ப் பார்த்தேன். இருபது. பதினெட்டு. பதினாறு. பதிமூன்று. பதினொன்று. எட்டு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அது அவருடைய கடைசி மழைக்காலம். சிறுநீரகம் இரண்டும் போய், வேலையை விட்டு, டயாலிசிஸில் இருந்தார். மோட்டாரில் தண்ணீர் புகுந்துவிட்டது, கழற்றித் துடைத்து மாட்டப் போகிறேன் என்றார். நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சைக்கிள் பளிச்சென்று நின்றது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு மேடம். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஆறு மஞ்சள் கோடு. நான் கோட்டைப் பார்த்தேன், போல்ட்டைப் பார்க்கவில்லை. மஞ்சள் போட்டிருந்தால் இறுக்கியாயிற்று என்று நம்பியே காலம் தள்ளியவர்கள் நாங்கள். சந்தோஷத்தில் அக்காவுக்கு ஃபோன் போட்டு, அவர் தேறிவிட்டார், பழைய தெம்பு வந்துவிட்டது என்று சொன்னேன். அடுத்த மாதமே அவளும் மற்றவர்களும் ஊரிலிருந்து காரியத்துக்கு வந்தார்கள்.

எட்டில்தான் நிற்கிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் கோடு இழுத்திருக்கிறார். வாழ்நாளில் பொய் மஞ்சள் போடாத மனுஷன், நான் வந்து பார்ப்பேன் என்பதற்காகப் போட்டிருக்கிறார். "மழ விடட்டும், அதுவரைக்கும் சைக்கிள யாரும் எடுக்க வேணாம்" என்று மகளிடம் சொல்லி, தன் கையாலேயே போர்வையைப் போட்டு மூடினாரே, அதற்கும் காரணம் இப்போது விளங்கியது.

முதல் போல்ட்தான் முழு பலத்தோடு இறுக்கியது. ஆறையும் அந்த இருபதுக்கே இறுக்கினேன். முதல் போல்ட்டில் மட்டும் அவர் கோடு அப்படியே பொருந்தி நின்றது. மற்றவற்றில் போல்ட் தலையிலிருந்த பாதி, சட்டத்திலிருந்த பாதியை விட்டு நகர்ந்தது. கடைசி போல்ட்டில்தான் அதிகமாக விலகிப் போயிற்று.

"அப்பா கோடு பிரிஞ்சிருச்சும்மா. தின்னர் போட்டுத் தொடச்சிரட்டா?"

"இருக்கட்டும்டி."

பச்சைப் பேனாவை எடுத்தேன். பிடுங்குவதற்கு ஆள் இல்லை. ஆறு போல்ட்டிலும் அவர் கோட்டை மறைக்காமல் பக்கத்தில் போட்டேன். கடைசி போல்ட்டுக்கு வந்தபோது, "முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

"சத்தமே இல்லம்மா" என்றாள்.

இல்லைதான். இன்னொரு சுற்றுப் போய் வரச் சொன்னேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.