விடுதலைக்குப் பின் முதல் காப்பிப் பறிப்பு

ஜெயிலில் இருந்த ஏழு வருடமும் வெளியே வரும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த பிறகோ, ஏற்காடு பஸ் ஒவ்வொரு வளைவாக ஏற ஏற இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. வேலித் தகராறில் நான் தள்ளிவிட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் பாறையில் விழுந்து செத்துப்போனார். அவர் மனைவி நாங்கள் கூலிக்குப் போகும் எஸ்டேட்டில்தான் இன்னும் காப்பிப் பழம் பறிக்கிறார். மண்ணை வாரித் தூற்றுவாரோ, முகத்தில் துப்புவாரோ என்று நினைத்து நினைத்தே எங்கள் ஊர் செம்மநத்தம் வந்து சேர்ந்தேன்.

மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. நாலாம் நாள் என் மனைவி, "இப்பிடியே ஊட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா அடுப்பெரியுமாங்க?" என்றாள். அன்றைக்குச் சண்டைக்குப் புலி மாதிரிப் பாய்ந்தவனுக்கு, காப்பி பறிக்கப் போக வாசலைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் காலையில் எஸ்டேட்டில் பேர் கூப்பிட எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் நோட்டைப் பிரித்ததும் நான் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெயிலில் தலை எண்ணும்போது அப்படித்தான் உட்கார வேண்டும். ஏழு வருடப் பழக்கம், உடம்பு என்னைக் கேட்கவில்லை. அத்தனை பேரும் நிற்க, நான் மட்டும் தரையில். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ரைட்டர் சேலத்திலிருந்து புதிதாக வந்தவர், என் கதை தெரியாது. "ஏனுங்க, காலு முடியலீங்களா? சரிவுக்குப் போவேண்டாம். மேல அந்த அக்காவோட வரிசையிலயே பறிங்க" என்றார். அவர் கை காட்டிய இடத்தில் செத்தவரின் மனைவி நின்றிருந்தார். வேறு வரிசை கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்; பையை எடுத்துக்கொண்டு போனேன்.

செடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எந்த நிமிடம் திட்டுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டே பறித்தேன். திட்டு வரவில்லை. பழம் கீழே விழும் சத்தம்தான் விடாமல் கேட்டது. ஒரு பழம் சிந்தாமல் பறிக்கிறவர் என்று பேர் வாங்கியவர் அவர். இலையை விலக்கிப் பார்த்தேன். அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிராக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மத்தியானம் எடை போடக் கிளம்பினோம். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். மூத்தவர் என்று நான் ஒதுங்கி, "நீங்க முன்னால போங்கக்கா" என்றேன். அவர் நகரவில்லை. பழப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க போயிருங்க. எனக்குப் பொறகால மட்டும் வராதீங்க."