கேட்டில் சொல்லாத பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்வி, நான் பார்த்த வேலையைப் பற்றி எனக்கே படித்துக் காட்டினாள்.

நான் ஜெயில் வார்டராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன் என்பதும் தெரியும். நான் சொல்லச் சொல்ல செல்விதான் இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுகிறாள். அவள் எம்.ஏ. படிக்கிறாள். ஜெயிலை எப்படி நடத்துவது என்று ஒரு படிப்பு! முடித்தால் பெண்கள் ஜெயிலுக்கு அதிகாரியாகப் போகப் பரீட்சை எழுதலாமாம். தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் என்னவெல்லாம் வந்துவிட்டது!

எங்கள் ஊர் வல்லம் வடகால் டீக்கடையில் இதைச் சொன்னபோது கன்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா மாமா, ஜெயிலுக்குப் போவ எம்.ஏ.வா? நாலு வூட்ல கை வெச்சா போதாதா?"

நானும் சிரித்தேன். என் காலத்தில் ஏது படிப்பு? உயரம் பார்த்தார்கள், மார்பை அளந்தார்கள், லத்தியைக் கொடுத்தார்கள். பூட்ஸ் மட்டும் ஒரு கால் பெரிசு, ஒரு கால் சின்னது... அது வேறு கதை.

செல்வி ஓர் ஆய்வு எழுத வேண்டும். கைதிகளை வீட்டார் ஏன் பார்க்க வருவதில்லை என்பதுதான் விஷயம். படப்பைப் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வந்தாள். அதில் சேரப்பணஞ்சேரி ராஜம்மா சொன்னதை வாய்விட்டுப் படித்தாள்:

"எங்கூட்டுக்காரு அடிதடி கேசுல உள்ள போனப்ப பொண்ணு கைக்கொழந்த. தூக்கினு மூணு வாட்டி போனேன். கேட்டாண்ட நின்ன வார்டரு, 'பேரச் சொன்னாத்தான் உள்ள'ன்னான். புருசன் பேர எப்டிம்மா வாயால சொல்றது? மலை மேல நிக்கிற சாமி பேருன்னேன். 'எந்த மலை? எத்தினி படி?'ன்னு கேட்டான். வரிசையே சிரிச்சுது. அப்பால போவல. அவரு வெளிய வந்தும் வூட்டுக்கு வரல. செம்பரம்பாக்கத்துல அண்ணன் வூட்ல கீறாரு. எட்டிக்கூடப் பாக்காதவ வூட்டுக்கு இன்னாத்துக்கு வரணும்னு சொல்லி அனுப்சிட்டாரு. ஆவணில பொண்ணுக்குக் கல்யாணம். அப்பன் வந்து நிக்கணும். அவ்ளோதாம்மா."

எத்தனை படி?

அது என் கேள்வி. என் ஜோக்!

கேட்டில் நின்ற எனக்கு எழுதத் தெரியாது. வருகிறவர்கள் சொல்லும் பெயரைக் காதில் வாங்கி, உள்ளே பதிவு எழுதும் ரைட்டரிடம் ஒப்பிப்பேன். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வானத்தைக் காட்டுவார்கள், நெற்றியைக் காட்டுவார்கள். எங்களுக்குப் பொழுது போகும். இந்தப் பத்தியிலேயே ஒரு தடவை அதைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேனே... ஞாபகம் இருக்கிறதா?

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?" என்றாள் செல்வி.

"அந்த வார்டரு நாந்தாம்மா."

செல்வி பேனாவை மூடினாள். அப்புறம் கேட்டாள்:

"முருகனா, ஏழுமலையான்னு நீ ஒவ்வொரு பேரா சொல்லி, அந்தம்மாவ தலைய ஆட்டச் சொல்லியிருக்கலாமே நைனா?"

முப்பது வருஷம்... எனக்கு இது தோன்றவே இல்லை! படிக்காதவன், அதனால் தோன்றவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாமா? பக்கத்தில் நின்று சிரித்த சூப்பிரண்டு பட்டம் வாங்கியவர் ஆயிற்றே!

"ஆய்வுல இத்த எழுதவா?" என்றாள்.

"எழுதும்மா. வார்டரு பேரையும் போடு."

திங்கட்கிழமை காலையில் செம்பரம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே விசாரித்ததில் ராஜம்மாவின் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை என்று தெரிந்தது. ஏரிக்கரையில் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அடையாளம் கண்டுகொண்டார்.

"உம் பொஞ்சாதி உன்னப் பாக்க வந்துதுப்பா. மூணு வாட்டி."

"போய்யா யோவ். அவளாவது, வர்றதாவது."

"கொழந்தையத் தூக்கினு வந்துது. உம் பேரச் சொல்ல மாட்டேன்னு நின்னுது. நாந்தான் தொரத்திட்டேன்."

ஊசி நின்றது.

"கொழந்தையுமா?"

"ஆமா."

"அது அங்க நின்னப்ப... நீ இன்னா பண்ண?"

"சிரிச்சேன்."

அடிதடி கேஸில் உள்ளே போன ஆள். கன்னத்தில் விழும் என்று நின்றேன். விழவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்?"

"ஆவணில."

"சேரப்பணஞ்சேரிக்கு எந்த பஸ்ஸு?"

நானும் கூடவே ஏறினேன். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஊர் வந்து சேரும்வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.