கையை எடுத்த பிறகு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். நானும் பேய் என்றால் சிரித்தவள்தான். பதினெட்டு வருடமாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். முதுகுக்குப் பின்னால் ‘இரும்பு அக்கா’ என்று கேலி செய்வார்கள். ஆனால் இது பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது.

கழுத்தில் துளை போட்டு மூச்சு விடக் குழாய் வைத்த மூன்று வயதுப் பெண் குழந்தை. அன்று காலையிலிருந்தே கட்டில் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். நடுவில் நகர்த்திவிடுவேன். திரும்பிப் பார்த்தால் மறுபடி ஓரம்... பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

மதியம் 2.17. குழாயைச் சுற்றி லேசாக ரத்தம்.

“சளி உறிஞ்சும்போது கீறியிருக்கும். எழுதிட்டு விடுங்கக்கா” என்றாள் உடனிருந்த நர்ஸ்.

“இல்ல. டாக்டரைக் கூப்பிடு.”

2.26. குபுகுபுவென்று கொட்டியது. குழாய் உரசி உரசி, மூச்சுப்பாதைக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓட்டையாகிவிட்டது. டாக்டர் வாய்வழியாக வேறு குழாய் போட்டு, பழையதை உருவினார். அந்தத் துளைக்குள் என் சுண்டுவிரலை விட்டு ஓட்டையை அழுத்தினேன். விரலை எடுத்தால் குழந்தை இல்லை. அப்படியே கட்டிலோடு ஆபரேஷன் அறைக்கு ஓடினோம்.

மார்பைத் திறந்தால் தாங்கமாட்டாள். தொடையில் ஊசித்துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மேலே போய், உறை போட்ட குட்டிக் குழாயால் ஓட்டையை உள்ளிருந்து மூட வேண்டும். டாக்டரின் கண் எக்ஸ்ரே திரையை விட்டு அசையவில்லை.

2.49. என் விரல் ரத்தத்தில் வழுக்கி வெளியே வந்துவிட்டது.



ரத்தம் வரவில்லை. ஒரு சொட்டுகூட...

“சரியான இடத்துல அழுத்துறீங்க சிஸ்டர்” என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி. “அப்படியே இருங்க.”

என் கை அந்தரத்தில் நின்றது.

பீப்... பீப்... பீப்...

3.04. “மூடியாச்சு. மெதுவா எடுங்க.”

நான் அசையவில்லை.

துளையின் ஓரம் மட்டும் விரிந்து... சுருங்கியது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே திரையில் பதிவான படத்தைக் காட்டினார்.

“இது உங்க விரல் இல்ல. எலும்போட நுனி இன்னும் ஒட்டவே இல்ல பாருங்க. ஏழு வயசுப் புள்ளையோடது. யாரை உள்ள விட்டீங்க?”



போன வருடம் இதே குழாய் வைத்த ஏழு வயதுப் பையன் ஒருவன் என் பொறுப்பில் இருந்தபோது ரத்தம் கொட்டி இறந்துபோனான். முதலில் கசிந்த ரத்தத்தை வெறும் கீறல் என்று எழுதியவள் நான். இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் என்னைப் பழிவாங்க வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.