ஆறு மணிக் கொத்தல்

வீடு இடிக்கிற இடத்தில் அவனுக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். அவன் ஓங்கினால் மூன்றாவது அடியில் எந்தச் சுவரும் வாயைப் பிளக்கும். கேலி பேசிய மேஸ்திரி ஒருவரின் தாடைக்கு ஒரே அடி போதுமாயிருந்தது. பகலெல்லாம் அடுத்தவர் அடுப்படியை நொறுக்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. கதவு, தட்டு, சில நாள் மனைவியின் முதுகு.

ஒருநாள், எத்தனை அடித்தும் உடையாத நீலப்பூ டைல்ஸ் துண்டு ஒன்றை எரிச்சலோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் காலை என்ன தோன்றியதோ, பின்கட்டுச் சுவரை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமென்ட் வைத்து அதை ஒட்டினான். அன்று சாயங்காலம் வீட்டில் எதுவும் உடையவில்லை. அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, மனைவி கவனித்தாள். அடுத்த நாள் காலையில் அவளே சிமென்ட்டைக் குழைத்து வைத்தாள். அதிலிருந்து தினம் ஒரு துண்டு. காய்ச்சலிலும் ஒட்டினான், மாமனார் செத்த அன்றும் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினான். ஏழு வருடம்.

ஆனால் பாகம் பிரித்த வீட்டில் அந்தச் சுவருக்கு மறுபக்கம் அவன் அண்ணன் படுக்கிற அறை. ஆலையில் பாய்லர் பார்க்கிறவன், இரவு ஷிப்ட் முடித்து ஐந்து மணிக்கு வந்து அப்போதுதான் கண்ணை மூடுவான். ஆறு மணிக்குக் கொத்தல் ஆரம்பித்துவிடும். அண்ணி பலமுறை வந்து, சாயங்காலம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். சாயங்காலக் கை உடைக்கிற கை என்று அவனுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், என் பக்கத்துச் சுவரில்தானே கொத்துகிறேன் என்று முறைத்தான்.

தூக்கக் கலக்கத்தில் நீராவிக் குழாயைத் தவறாகத் திறந்து, ஒரு கை முழங்கை வரை வெந்து, கட்டோடு வந்து படுத்தான் அண்ணன் ஒருநாள். கண் அசந்தபோது கொத்தல் கேட்டது. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தான்.

"ஏழு வருசமா என் மண்டையிலதான்டா கொத்திட்டிருக்கே!"

முதல் வீச்சில் நீலப்பூ சிதறியது. இரண்டாவதில் ஒரு வரிசையே சரிந்தது. சம்மட்டி பாய்ந்து அண்ணன் மூக்கில் குத்தினான். ரத்தம் ஒழுக ஒழுக அண்ணன் கடப்பாரையைத் தம்பியின் கைமேல் இறக்கினான். வலது மணிக்கட்டு காய்ந்த விறகுபோல் முறிந்த சத்தம் அண்ணிக்கே கேட்டது. தம்பி இடது கையால் சம்மட்டியை எடுத்துத் தலையைப் பார்த்து வீசினான். அது காதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் இறங்கியது. வேண்டுமென்றே தப்பவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை என்று அவனுக்குத் தெரியும். இடது கைக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இரண்டு மனைவிகள். யாரை முதலில் பார்ப்பது என்று நர்ஸ் கேட்டாள்.

"மூத்தவருக்கே முதல்ல தையல் போடுங்கம்மா," என்றாள் அண்ணி. "மரியாதை தெரிஞ்ச குடும்பம்."

மறுநாள் ஆறு மணிக்கு மாவுக்கட்டோடு எழுந்த தம்பி அடுப்படியில் நின்றுவிட்டான். தட்டும் டம்ளரும் பரண்மேல் ஏறியிருந்தன. பழைய நாட்களில் அவள் அப்படித்தான் ஒளித்துவைப்பாள். இன்று அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"சிமென்ட் கொஞ்சம் கொழைச்சுக் குடு," என்றான்.

"இந்தக் கையோடயா?"

"இன்னிக்கு விட்டா, விட்டதுதான்."

உடைந்து கிடந்தவற்றில் கொஞ்சம் பெரியதாக ஒன்றைப் பொறுக்கினான். உளியைத் தொடவில்லை. கொத்தாத இடத்தில் பிடிமானம் கிடையாது. இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் வழுக்கியது. கீழே விழுந்து சத்தம் போடுமுன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினான். சட்டையெல்லாம் சிமென்ட். மறுபடி ஒட்டினான். மறுபடி வழுக்கியது. அவள் கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மூன்றாம் முறை நெற்றியையும் முட்டுக்கொடுத்து நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குறட்டை விட ஆரம்பித்திருந்தான்.