புது டேங்கோடு தூத்துக்குடிக்கு

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் முந்நூற்று முப்பது கிலோமீட்டரை, வழியில் ஓரிடத்தில்கூட நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டிப் போன ஆள் நான். அதுவும் பத்தொன்பது வருஷப் பழைய டீசல் வேனில்.

பொய்தான். நான் நின்ற ஊர்களைச் சொல்வதைவிட நிற்காத ஊர்களைச் சொல்வது சுலபம். ஆனால் நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டது நிஜம். அந்த ஆசையில்தான் வண்டியின் டேங்கையே மாற்றினேன்.

பழைய டேங்க் முப்பத்தைந்து லிட்டர். அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, அதில் துணி சோப்பைத் தேய்த்து அடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பவர்கட் காலம். பெட்ரோல் பங்குக்குப் போனால் கம்பெனி ஜெனரேட்டர்களுக்கு டீசல் வாங்க வந்தவர்கள் கேனும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள். எண்பது லிட்டருக்கு ஒரு டேங்க் இருந்தால் ஒரே தடவை நிரப்பித் தூத்துக்குடி போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கணக்கு இரட்டிப்பாக வரும்.

டேங்க் செய்து கொடுத்தவர் ஜெபராஜ். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். வீரபாண்டிப் பிரிவில் சாயப்பட்டறை மிஷின்களுக்கு வெல்டிங் வைக்கிறார். நீராவி அழுத்தத்தில் துணியை வேகவைக்கும் பெரிய பெரிய உருளைகள். அதில் ஊசிமுனை அளவு காற்று கசிந்தாலும் ஒரு லாட் துணியே பாழ். அந்தக் கையால் எனக்கும் ஒரு எவர்சில்வர் உருளை செய்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வேனுக்குள்ளேயே போல்ட் போட்டு இறுக்கினார். மேலே வட்டமாக ஒரு மூடி, அடியில் தடி ரப்பர் வாஷர், சுற்றி, கையாலேயே திருகுகிற நாலு காது நட்டு. இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று கேட்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

"அண்ணாச்சி, சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தாச்சி. ஒரு பொட்டு காத்து போவாது. நீங்க செத்தாலும் இது சாவாது" என்றார்.

என் வீட்டில் அவ்வளவு பளபளப்பான பாத்திரம் கிடையாது. அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டேன். லிட்டர் முப்பத்தைந்து ரூபாய்க்கு விளிம்பு வரை நிரப்பி, பங்கிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். குழந்தை மாதிரி வந்தது.

மறுநாளே சவாரி கிடைத்தது. கொடுத்தவர் என் பெண்டாட்டியின் அண்ணன், மச்சான் செல்வராசு. பன்னிரண்டு மிஷின் வைத்துப் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கைக்குழந்தை பனியன் தைத்துக் கொடுக்கிறார். எல்லாம் வெள்ளை. கம்பெனியின் மற்ற சரக்கு லாரியில் முன்னாலேயே தூத்துக்குடி போய்விட்டது. மச்சானின் நாற்பது பெட்டி மட்டும் பவர்கட்டில் தைக்க முடியாமல் பிந்திவிட்டது. அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் துறைமுகக் கிடங்கில் இறக்க வேண்டும். ஆறுக்குக் கேட் மூடினால் கண்டெய்னருக்கு சீல் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்த நாற்பது பெட்டியும் விமானத்தில்தான் போக வேண்டும், மச்சான் செலவில்.

"ஏர்ல போச்சுன்னா பன்னெண்டு மிஷினையும் வித்தாலும் பத்தாதுங்க மாப்ள" என்றார். துறைமுகத்தில் நாலு பேர் மதிக்க வேண்டும் என்று புது வேட்டி சட்டையில் வந்திருந்தார்.

"ஒரே மிதிங்க மச்சான். மூணு மணிக்கு அங்க டீ குடிக்கறோம்" என்றேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கோவில்வழி தாண்டி அவினாசிபாளையம் வருவதற்குள் வண்டி இரண்டு தரம் இருமி நின்றது. நான் இறங்கிப் பானட்டுக்குள் தலையை விட்டேன். ஒன்றும் புரியாவிட்டாலும் தலையை உள்ளே விட்டால் பார்ப்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும். பில்டரைத் தட்டினேன், கைப்பம்பை அமுக்கினேன். டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். "உஸ்ஸ்" என்றது. தளும்பத் தளும்ப இருந்தது. மூடினேன். சாவி போட்டதும் கிளம்பியது.

"பாத்தீங்களா, கைராசி!" என்றேன்.

"ராசி இருக்கட்டுங்க, ரோட்டப் பாருங்க" என்றார் மச்சான்.

கைராசி குண்டடம் வரை வந்தது. திரும்ப பானட், திரும்பத் தட்டல், திரும்ப மூடி திறந்து பார்வை, கிளம்பியது. தாராபுரத்தில் ஒரு மெக்கானிக் கலப்பட டீசல்தான் காரணம் என்று சொல்லி நூற்றிருபது ரூபாய்க்குப் புது பில்டர் போட்டார். அமராவதிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புது பில்டரோடு நின்றது. மணி பத்து. இன்னும் கால்வாசி வழிகூட ஆகவில்லை. மச்சான் வாட்ச்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார்.

கள்ளிமந்தயத்தில் மறுபடி நின்றபோது நான் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மைல்கல் மேல் உட்கார்ந்தேன். மச்சான் கோபத்தில் என்னைக் கேட்காமலே மூடியைத் திறந்தார். "உஸ்ஸ்." உள்ளே எட்டிப் பார்த்து, மூடி, சாவியைத் திருகினார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் பில்டரையும் தொடவில்லை, பம்பையும் தொடவில்லை.

மச்சான் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, காத்தாலருந்து பானட்டுக்குள்ள தலைய உட்டு என்னதானுங்க பண்ணீட்டிருந்தீங்க?"

"அதான் எனக்கும் தெரியலீங்க."

"எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ ஊத்துமுங்களா? ரெண்டாவது ஓட்ட போட்டாத்தானுங்க ஊத்தும்? இந்த டேங்குக்குக் காத்து போக வழியே காணமுங்க. இஞ்சின் உறிஞ்சுது, உறிஞ்சுது, அப்பறம் உறிஞ்ச முடியாம நின்னு போகுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயப்பட்டறைக்குச் செய்கிற மாதிரியே செய்திருக்கிறார் ஜெபராஜ். அங்கே காற்றுப் போனால் குற்றம். இங்கே போகாவிட்டால் குற்றம். உடனே செல்போனில் கூப்பிட்டேன்.

"ஜெபராஜுங்களா? டேங்க்ல காத்து விஷயமாப் பேசணுங்க."

"காத்து போவுதா? எங்கன? சொல்லுங்க, நாளைக்கே அடைச்சித் தாரேன்!"

"போகலீங்க. அதானுங்க பிரச்சினை."

"அதான் போவாதுன்னு சொன்னேன்லா! அதுக்கு எதுக்கு போன் பண்ணுதீய?" வைத்துவிட்டார். பாராட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருப்பார்.

மூடியில் ஒரு ஓட்டை போட்டால் தீர்ந்தது. ஆணியை வைத்து ஸ்பேனரால் அடித்தேன். ஆணி வளைந்தது. இன்னொரு ஆணி, அதுவும் வளைந்தது, என் கட்டைவிரலும் வீங்கியது. ஒட்டன்சத்திரத்தில் மூடியைக் கழற்றிக்கொண்டு ஒரு பட்டறைக்கு ஓடினேன். கரண்ட் இல்லை, இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள். திண்டுக்கல்லில் கேட்டால் இப்போதுதான் போனது என்றார்கள். பவர்கட் எங்களுக்கு முன்னால் வண்டி பிடித்துப் போய்க்கொண்டிருந்தது.

மூடியை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓட்டினேன். ரெட்டியார்சத்திரத்தில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதில் கால் லிட்டர் டீசல் எகிறி, முதல் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மச்சான் கத்திய கத்தலில் எதிரே வந்த பஸ்காரர் வேகத்தைக் குறைத்தார். வெள்ளைக் குழந்தைத் துணி. பெட்டியில் ஒரு சொட்டுப் பட்டு உள்ளே வாடை இறங்கினால், கேட் திறந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடினால் வண்டி நிற்கும், திறந்தால் சரக்கு நாறும்.

திண்டுக்கல் தாண்டி ஓரங்கட்டினோம். பெட்டிகளை எல்லாம் பின்பக்கம் தள்ளி, நடுவில் தார்ப்பாயைத் திரைபோலக் கட்டினோம். அப்புறம் மச்சான் புது வேட்டியை அவிழ்த்தார். நாலாக மடித்து டேங்க் வாயைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி கட்டினார். பட்டாபட்டி டிராயரோடு டேங்க் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு காது நட்டில் கை வைத்தார்.

"போங்க. ரோடு சமமா இருக்கறப்ப சொல்லுங்க, தொறக்கறேன்."

"இப்பத் தொறங்க."

"உஸ்ஸ்."

"மூடுங்க மூடுங்க, பள்ளம் வருது!"

"மூடிட்டனுங்க."

இப்படித்தான் மதுரைக்குப் போனோம். கொடை ரோடு, வாடிப்பட்டி வழியெல்லாம் நாலு வழிச்சாலை வேலை நடக்கிறது. நல்ல தார் ரோட்டில் பத்து நிமிஷம் போனால், மண்ணில் இறங்கு என்று அம்புக்குறி போட்ட தகரம் வரும். இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு "ஐயோ" கேட்கும். சட்டை நனைந்தது, டிராயர் நனைந்தது, பெட்டி நனையவில்லை. ஒரு நல்ல விஷயம்: டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுக்கு இடம் கூடி, இரண்டு திறப்புக்கு நடுவே வண்டி கூடுதல் தூரம் ஓடியது. மதுரை புறவழிச்சாலையில் இரண்டு மணி. சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. டீ மட்டும் மூன்று ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஜன்னல் வழியாகப் பின்னால் நீட்டினேன். டீக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, டிராயரோடு எவர்சில்வர் உருளையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறீக?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அருப்புக்கோட்டை மூன்றேகால். அங்கிருந்து கரிசல் காடு. பந்தல்குடி, எட்டையபுரம் வழியாக ரோடு நூல் பிடித்த மாதிரி போகிறது. மரமே கிடையாது. வெயிலில் டீசல் வாடை தலைக்கேறி மச்சான் ஒரு மணி நேரமாகப் பேசவில்லை. "இருக்கீங்களா?" என்று கேட்டேன். "உஸ்ஸ்" என்று டேங்க்தான் பதில் சொன்னது. உப்பளம் கண்ணில் பட்டபோது ஐந்து பத்து. கிடங்கு வாசலில் நிறுத்தியபோது ஐந்தரை.

கதவைத் திறந்ததும் கிடங்கு சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கறுத்து உயர்ந்த மனிதர், காதில் பேனா.

"என்னய்யா இது, டீசல் வாட இந்த அடி அடிக்கி? பேபி ஐட்டம்னு எழுதியிருக்கு!"

"வாட என் மேலருந்துதானுங்க வருது, பொட்டி மேல இல்லீங்க" என்று மச்சான் இறங்கி முன்னால் வந்தார்.

"அப்ப நீரு தள்ளி நில்லும். இன்னும் தள்ளி. அந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போம். நீரு கிட்ட நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் ரோட்டைத் தாண்டிப் போய், டிராயரும் நனைந்த சட்டையுமாக வேப்பமரத்தடியில் நின்றார். லாரிக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பன்னிரண்டு மிஷினும் அந்த நாற்பது பெட்டியாக என் வேனுக்குள் இருந்தன. டேங்க் ஆசை என்னுடையது. அன்று முதல் தடவையாக எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

சூப்பர்வைசர் பெட்டிகளை இறக்கச் சொன்னார். டேங்குக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி எது என்று கேட்டார். காட்டினேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் கை காட்டிவிட்டது. டேப்பைக் கிழித்து, மேலிருந்த பனியன் ஒன்றை எடுத்து உதறி, மூக்கில் வைத்து இழுத்தார். யோசித்தார். அடியிலிருந்து இன்னொன்று எடுத்தார். அதையும் முகர்ந்தார். பக்கத்தில் நின்ற கிளார்க் அக்காவிடம் நீட்டி, "நீங்க பாருங்க, எனக்கு மூக்கே போச்சு" என்றார். அந்த அக்கா முகர்ந்தார், பனியனைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"புதுத்துணி வாசம்தான் சார் வருது" என்றார்.

"திரும்ப டேப் போட்டு ஏத்துங்கலே!" என்று சூப்பர்வைசர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நான் மச்சானைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். எல்லாம் முடிந்தது, நல்லபடியாக என்று அர்த்தம். அவருக்கு எல்லாம் முடிந்தது என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் ரோட்டைத் தாண்டி ஓடி, "பாஸுங்க மச்சான், ஏத்தறாங்க!" என்று கத்தியும் எழவில்லை. அப்புறம் டீசல் கையாலேயே கண்ணைத் துடைத்து, எரிகிறது எரிகிறது என்று இன்னும் கொஞ்சம் அழுதார். எரிச்சலால்தான் என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாங்க என்றேன்.

கேட் மூடியதும் கடற்கரைக்குப் போனோம். பவானி, நொய்யல் என்று ஆறுகளையே பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் ஒரு அதிசயம்தான். ஆனால் சோப்பு வாங்கிக்கொண்டு கடலில் குளிக்கப் போனவர்கள் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. மச்சான் ஒரு முழுக் கட்டியையும் தேய்த்துத் தீர்த்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், கடலில் டீசல் கலக்கிறது என்று எங்களைத் திட்டினார். எங்கள் ஊர் நொய்யலில் தினமும் ஒரு கலர் ஓடுகிறது, அதற்கு யாரும் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. இந்த மனிதர் ஒரு டிராயருக்கே இவ்வளவு கோபப்படுகிறாரே என்று அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

திரும்பி வந்து இன்றோடு நாலு நாள். நேற்று டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு ஜெபராஜிடம் போய், ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்றேன். மூடியைத் தடவிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. "அண்ணாச்சி, இருவது வருஷமா ஓட்டைய அடைக்கத்தான் கூலி வாங்குதேன். நல்லா இருக்கிற தகட்டுல ஓட்ட போட எனக்குக் கை வராது" என்றார். நான் விடவில்லை. அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். அந்த அம்மா மூடியை வாங்கிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்றால்...

இதோ, என் வீட்டு வாசலில் ஹாரன். என் வேன் ஹாரனை யார் அமுக்குவது என்று எட்டிப் பார்த்தால், மச்சான். வண்டியில் பெட்டி ஏற்றி முடித்து, தார்ப்பாய்கூடக் கட்டிவிட்டார். வேட்டியைக் காணோம், பழைய லுங்கி, கழுத்தைச் சுற்றி நாலு துண்டு. டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து மூட ஒரு மணையும் கொண்டுவந்திருக்கிறார்.

"மாப்ள, எழுதுனது போதுமுங்க. வாங்க, நேரமாகுது."